ரேம் கெட்டுப்போனால்: விண்டோஸை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுக் கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோனது. கடையில் கொடுத்தேன். "விண்டோஸ் போயிருச்சு டீச்சர், அழிச்சிட்டுப் புதுசா போடணும்" என்றார்கள். 80 ரிங்கிட். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. வேறு கடைக்குப் போனேன். அங்கேயும் அதே பேச்சு, அதே 80 ரிங்கிட். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வந்த கிராப் கார்ச் செலவு தனியாக 70 ரிங்கிட். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக இரண்டு வருடம் சேர்த்து வைத்த பயிற்சித் தாள்களில் கால்வாசி திறக்கவே இல்லை.

கடைசியில் பழுது இருந்தது இரண்டு ரேமில் ஒன்றில். கணினி ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகக் குச்சிதான் ரேம். அதைக் கண்டுபிடிக்க ஒரு பென்டிரைவும் இரண்டு இரவும் போதுமாக இருந்தன. மாற்று ரேம் வாரண்டியில் வந்ததால் அதற்கு ஒரு சென்கூட ஆகவில்லை. முதல் நாளே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்தத் தாள்கள் தப்பியிருக்கும்.

பெட்டியை இதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். இது மேசைக் கணினிக்கு மட்டும். மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றுக்கு வழி வேறு.

1. இது ரேம் கோளாறுதானா என்று பாருங்கள்

ரேம் கெட்டால் அது ஒரே முகத்தைக் காட்டாது. இன்றைக்கு நீலத் திரையில் (புதிய விண்டோஸ் 11-ல் அது கறுப்பு நிறத்தில் வரும்) "மெமரி மேனேஜ்மென்ட்" என்று வரும், நாளைக்கு "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", மறுநாள் "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈகுவல்". ஒவ்வொரு முறையும் செய்தி மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள். சுருக்கிய ஜிப் கோப்பை விரிக்கும்போது பிழை, மென்பொருள் நிறுவும்போது பாதியில் தோல்வி, காரணமே இல்லாமல் உலாவியின் பக்கங்கள் சரிந்து விழுவது, நேற்று சேமித்த கோப்பு இன்று திறக்காமல் போவது ஆகியவையும் அறிகுறிகள்தான்.

மாறாக, எப்போதும் ஒரே மென்பொருளில் மட்டும் நின்றால் கோளாறு அந்த மென்பொருளில் இருக்கலாம். நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் ஒரே கோப்பின் பெயர் வந்தால் டிரைவரை, அதாவது பாகங்களை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள். விளையாட்டு ஓடும்போது மட்டும் பெட்டி அணைந்தால் சூடு, பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு என்று தேடிப் போக வேண்டும்.

கணினி எழும்பவே இல்லையா? விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. அப்படியென்றால் மதர்போர்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய பலகைகளில் சிபியு (செயலி), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (கணினி கிளம்புவது) என்று நான்கு இருக்கும். டிராம் விளக்கு அணையாமல் நின்றால் கணினி ரேமைத் தாண்டிப் போகவில்லை என்று அர்த்தம். பழைய பெட்டி பீப் சத்தம் போடும். எத்தனை பீப் என்றால் என்ன கோளாறு என்பது பலகைக்குப் பலகை மாறும். இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியலை நம்பாமல் உங்கள் பலகையின் கையேட்டைப் பாருங்கள்.

2. கோப்புகளை நகலெடுக்கும் முறை

நான் மிகப் பெரிய தவறு செய்தது இந்த இடத்தில்தான். கணினி அடிக்கடி நிற்கிறதே என்று பயந்து, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்த பழைய நகலின் மேலேயே எழுதினேன். எந்தக் கோப்பை நகலெடுத்தாலும் அது ரேம் வழியாகத்தான் போகும். ரேமில் ஒரு பிட் பிசகினால் பிசகிய கோப்புதான் டிஸ்கில் போய் உட்காரும், கணினியோ "நகல் முடிந்தது" என்று சொல்லிவிடும். நல்லபடியாக இருந்த என் பழைய நகல் அப்படித்தான் கெட்டது.

ஆகவே பழைய நகலைத் தொடாதீர்கள். அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். அவசரமாக வேண்டிய கோப்பு இருந்தால் வேறொரு பென்டிரைவில், புது அடைவில் போட்டு, இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். மற்றவற்றை, கெட்ட ரேமைக் கண்டுபிடித்து வெளியே எடுத்த பிறகு நகலெடுத்துக்கொள்ளலாம்.

ரேம் சந்தேகத்தில் இருக்கும்வரை மூன்று வேலைகள் கூடாது: விண்டோஸை மறுபடி நிறுவுவது, பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு, பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியைக் கிளப்பும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு. மூன்றாவது பாதியில் நின்றால் மதர்போர்டே எழும்பாமல் போகக்கூடும்.

3. தேடி எடுத்து வைக்க வேண்டியவை

ரசீது. வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். என்னுடையதில் தேதி மட்டும்தான் மிச்சம் இருந்தது, நல்லவேளை அதுவே போதுமாக இருந்தது. உங்கள் ரசீது இன்னும் தெளிவாக இருந்தால் இப்போதே படம் எடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த ஆர்டர் பக்கத்தைச் சேமியுங்கள்.

பிட்லாக்கர் மீட்புச் சாவி. இதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். பயோஸில் கை வைத்தாலோ அதன் அமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனாலோ அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மதர்போர்டின் கையேடு. காணவில்லை என்றால், பலகையில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாக இறக்கலாம்.

இவற்றோடு நட்சத்திரத் தலை (கூட்டல் குறி போல இருக்கும்) ஸ்க்ரூடிரைவர், காலி பென்டிரைவ், கொஞ்சம் மாஸ்கிங் டேப், ஒரு குறிப்பேடு. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் பழைய 8 ஜிபி ஒன்று போதும்.

4. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்

கணினியை அணைத்து, சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கும். சாயங்காலம் இடி இடிக்கும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கம்பளத்தின் மேலும் வேண்டாம். மேசையில் பெட்டியைப் படுக்க வைத்து, பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமில் பாயாமல் இருக்கத்தான் இது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். ரேம் இருக்கும் ஸ்லாட்டின் முனையில் உள்ள பிடியை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே எழும்பும். சில பலகைகளில் ஒரு முனையில்தான் பிடி திறக்கும், மறுமுனை அசையாது. அதைத் திறக்க முயன்று உடைத்துவிடாதீர்கள். எடுத்ததும் மாஸ்கிங் டேப்பில் 1, 2 என்று எழுதி ஒட்டுங்கள். டேப் வரிசை எண் ஸ்டிக்கரின் மேல் படக்கூடாது. அந்த ஸ்டிக்கரையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு அதுதான் அடையாளம்.

கீழ் ஓரத்தில் இருக்கும் தங்க நிறப் பற்களைக் கையால் தொடக்கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் அவற்றின் மேல் மெல்லிய அழுக்கு படியும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் தொட்டுத் துடைத்து, முழுவதும் காய விடுங்கள். பென்சில் அழிப்பானால் தேய்க்கும் வழக்கமும் உண்டு. அதனால் பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால் நான் ஆல்கஹாலையே சொல்வேன். தண்ணீரும் வாசனைத் திரவியமும் வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது ரேமின் கீழே இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேராக வர வேண்டும். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 ஊசிகள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதில் உட்காராது. இரண்டு முனையையும் கட்டைவிரலால் "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். முதல் முறை செய்பவர்கள் பயந்துகொண்டு பாதி அழுத்தத்தில் விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன், கணினி எழும்பவில்லை. பலகை லேசாக வளைகிற மாதிரி தெரியும், அது இயல்புதான்.

நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலான பலகைகளில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றியதும் முதல் தடவை திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். கணினி புது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. செத்துவிட்டது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள்.

சிலருக்கு இந்தப் படியிலேயே கோளாறு தீர்ந்துவிடும்.

5. பயோஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள்

கணினி எழும்பும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் திறக்கும். அங்கே எக்ஸ்எம்பி என்றோ எக்ஸ்போ என்றோ இருந்தால் அணையுங்கள். ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேலே ஓட்டும் அமைப்பு அது. பெட்டியில் 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் பல, எக்ஸ்எம்பி இல்லாமல் 2133, 2400 அல்லது 2666-ல்தான் ஓடும். கடையில் கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் உங்களிடம் சொல்லாமலே அதைப் போட்டு வைத்திருக்கலாம்.

அணைத்த பிறகு கோளாறு போய்விட்டால், ரேம் செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அந்த வேகத்தைச் சிபியுவோ மதர்போர்டோ தாங்காமலும் இருக்கலாம். ஒரு படி குறைந்த வேகத்தில் வைத்துச் சோதியுங்கள்.

பயோஸுக்குள் நுழையவே முடியவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்து மறுபடி போடுங்கள். அதன் பெயர் சிஆர்2032. கணினி ஐந்தாறு வருடப் பழசு என்றால் புதிதே போட்டுவிடலாம், சில ரிங்கிட்தான்.

6. இரவு முழுக்கச் சோதனை

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. தேடல் பெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி, மறுதொடக்கம் கொடுங்கள். நீல நிறத்தில் சோதனை ஆரம்பித்ததும் எஃப்1 அழுத்தி "எக்ஸ்டெண்டட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், சாதாரணச் சோதனை மேலோட்டமானது. முடிவு திரையில் தோன்றாமல் போனால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கிடைக்கும். இதில் பிழை வந்தால் நம்பலாம். பிழை வரவில்லை என்பதால் ரேம் நல்லது என்று நம்ப முடியாது. என் கெட்ட ரேம் இதில் தேறிவிட்டது, இரண்டாவது கடைக்காரர் அதை வைத்துத்தான் "ரேம் ஓகே" என்று சொல்லியிருக்கிறார்.

உண்மையான சோதனை மெம்டெஸ்ட்86, அல்லது திறமூல மென்பொருளான மெம்டெஸ்ட்86+. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, பென்டிரைவில் ஏற்றுங்கள். பிறகு எஃப்8, எஃப்11 அல்லது எஃப்12 அழுத்திப் பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்ப வேண்டும். எந்த விசை என்பது பலகையைப் பொறுத்தது. அங்கீகாரம் இல்லாத மென்பொருள் கிளம்பவிடாத செக்யூர் பூட் என்ற அமைப்பு தடுத்தால், அதைப் பயோஸில் தற்காலிகமாக அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பிப் போடுங்கள்.

மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும். என் 8 ஜிபி ரேம் ஒன்றுக்கு நான்கு சுற்றும் முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. 16 அல்லது 32 ஜிபி என்றால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்துவது வீண். சில ரேம் சூடேறிய பிறகுதான் தப்பு செய்யும்.

சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஆயிரத்துல ஒண்ணுதானே, பரவாயில்ல" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே விதிவிலக்கு, ரேமின் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பக்கத்து இடம் கெடுகிறதா என்று பார்க்கும், கடைசியாக வரும் ஹேமர் சோதனை. மற்ற எல்லாவற்றிலும் தேறி, அதில் மட்டும் எச்சரிக்கை வந்தால் அன்றாட வேலைக்குப் பாதிப்பு வராமல் போகலாம். பிழை வந்த திரையைப் படம் எடுங்கள், தேதியோடு.

7. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்

எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் படிதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, செய்ததை உடனே குறிப்பேட்டில் எழுத வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்பது நினைவில் நிற்காது.

முதலில் 1-ஆம் எண் ரேமை மட்டும் ஏ2-வில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஏ2-வில் 2-ஆம் எண். என் குறிப்பேட்டில் இருப்பது இது: முதல் இரவு இரண்டும் சேர்ந்து, 40 நிமிடத்தில் பிழை. மறுநாள் மாலை 1 மட்டும் ஏ2-வில், நான்கு சுற்று, பிழை இல்லை. 2 மட்டும் ஏ2-வில், 20 நிமிடத்துக்குள் 60-க்கு மேல் பிழை. அன்றிரவு 1 மட்டும் பி2-வில், பிழை இல்லை. ஆக ஸ்லாட் இரண்டும் நல்லது, 2-ஆம் எண் ரேம் கெட்டது.

உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால், கோளாறு ஸ்லாட்டிலோ சிபியுவின் அடியில் வளைந்த ஊசியிலோ இருக்கும். சிபியு குளிர்விப்பானை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் இப்படி ஆகும். இதைக் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது, ஆனால் எந்த ஸ்லாட் என்று சொல்லிக் கொடுங்கள். தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் பிழை வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது வேகம் அதிகம். எந்த ரேமும் எந்த ஸ்லாட்டிலும் தேறவில்லை என்றால் இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. பவர் சப்ளை, மதர்போர்டு, சிபியு பக்கம் திரும்புங்கள்.

8. வாரண்டியும் கடையும்

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் பழைய ரேமைத் தூக்கிப் போடுவதற்கு முன் வாரண்டியைப் பாருங்கள். கிங்ஸ்டன், கோர்சேர், ஜிஸ்கில், குரூஷியல் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் ரேம்களில் பெரும்பாலானவற்றுக்கு வரையறுக்கப்பட்ட ஆயுட்கால வாரண்டி உண்டு. மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று நீங்களாகவே கைவிட்டுவிடாதீர்கள். வரிசை எண் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. உள்ளூர் விநியோகிப்பாளரின் ஸ்டிக்கர் தனியாக இருந்தால் அதையும் கிழிக்கக் கூடாது. மேலே இருக்கும் உலோக உறையைக் கழற்றவும் கூடாது. இவற்றில் எது நடந்தாலும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஜோடியாக ஒரே பெட்டியில் வாங்கியிருந்தால் இரண்டையும் கேட்பார்கள். அந்த இரண்டு மூன்று வாரம் கணினி சும்மா கிடக்கும், யாரிடமாவது ஒன்று இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் தனித்தனியாக வாங்கியிருந்ததால் ஒன்றை மட்டும் கொடுத்தேன். 17 நாள் கழித்து மாற்று ரேம் வந்தது. அதுவரை 8 ஜிபியில் ஓட்டினேன். சீனப் புத்தாண்டோ நோன்புப் பெருநாளோ நெருங்கும் நேரத்தில் கொடுத்தால் இன்னும் இழுக்கும்.

கடைக்குப் போக வேண்டியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரேமை மட்டும் நிலைமின்சாரம் தடுக்கும் பையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கணினிக் கடைகள் நிறைந்த கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கு மோனோரெயிலில் இம்பியிலோ புக்கிட் பிந்தாங்கிலோ இறங்கி நடந்துவிடலாம். வார நாளில், கடைகள் திறந்த சற்று நேரத்தில் போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். கணினியையே விட்டுவிட்டு வரும்படி ஆனால், சோதனைக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். நம் அனுமதி இல்லாமல் விண்டோஸை அழிக்கக் கூடாது என்றும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டி இருந்தும் கடை மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் டிடிபிஎம் என்பார்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்கு 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். போராங் 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், இணையம் வழியாகவும் பதியலாம். சிக்கல் எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடவும் முடியாது. ரசீதும், வரிசை எண் படமும், தேதியோடு எடுத்த பிழைத் திரைப் படமும், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் உங்கள் சாட்சிகள். நேரில் பேசினாலும் பிறகு வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

9. மாற்றிய பிறகு

வந்த ரேம் புதுசு என்பதால் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றிரவே எக்ஸ்எம்பி இல்லாமல் நான்கு சுற்று ஓட்டிப் பாருங்கள். தேறினால் விண்டோஸுக்குள் போய், கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன் கட்டளையை (sfc /scannow) ஓட்டுங்கள், கெட்ட ரேம் பிசகிய விண்டோஸ் கோப்புகளை அது சரிசெய்ய முயலும். அதிலும் தீரவில்லை என்றால்தான் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும். அடுத்து, கணினி நின்றுபோக ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் சேமித்த கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றுக்கு அலமாரியில் வைத்த பழைய நகல் உதவும்.

எக்ஸ்எம்பி வேண்டுமென்றால் இப்போது போட்டு, மறுபடி ஓர் இரவு சோதியுங்கள். மாற்றாக வந்த ரேம் என் பழையதோடு 3200-ல் சேரவில்லை, மூன்றாம் சுற்றில் இரண்டு பிழை வந்தது. 2933-க்குக் குறைத்தேன், நான்கு சுற்றும் சுத்தமாக முடிந்தன. அதிலேயே விட்டுவிட்டேன். பயிற்சித் தாள் தட்டச்சு செய்வதில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.